மந்திமுடிப் பாதையில் கேட்ட குரல் என்னுடையதல்ல

அனுப்புநர்
கு. அன்சிலா (வயது 26),
த/பெ. குஞ்சு முகம்மது,
பெருமாட்டி, சித்தூர் வட்டம்,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்
சரக வன அலுவலர் அவர்கள்,
மந்திமுடி வனச் சரகம்,
வட்டவடை வழி,
இடுக்கி மாவட்டம்.

பொருள்: மந்திமுடிச் சுற்றுப்பாதை – மலையேற்றத்தில் ஒருவர் காயமடைந்தது – வழிகாட்டி திருமதி ஞானஜோதி மீது நாங்கள் அளித்த புகார் உண்மைக்கு மாறானது – அவரது அனுமதி அட்டையை நிறுத்திவைத்த உத்தரவை விலக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சிராஜ், ரஸியா ஆகியோருடன் நானும் கையொப்பமிட்டுக் கடந்த மாதம் அளித்த மலையாளப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி புகாரில் கையொப்பமிட்ட மூவரில் நான் ஒருத்தி. அந்தப் புகாரின் முக்கியமான வரி பொய். அது பொய் என்று தெரிந்தே கையொப்பமிட்டேன். அடுத்த வாரம் தங்கள் அலுவலகத்தில் கூடவிருக்கும் குழு, ஞானஜோதி அவர்களின் அட்டையை நிரந்தரமாக ரத்து செய்வது பற்றி முடிவெடுக்கும் என்று அறிந்தேன். அதற்குமுன் நடந்ததைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். ஞானஜோதி தமிழ்ப் பள்ளியில் படித்தவர். முதல் புகாரை அவரால் வாசிக்க இயலவில்லை. இதையாவது அவர் வாசிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

2. அன்று மலையேறியவர்கள் நால்வர். என் பெரியம்மா மகன் சிராஜ், அவர் மனைவி ரஸியா, என்னுடன் ஒரே பள்ளியில் ஆசிரியையாக வேலை செய்யும் கௌசிகா, நான். பாதை கிழக்குச் சரிவில் ஏறி, முடியைத் தொட்டு, மேற்குச் சரிவில் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஏற்றம் கடினமானது. முழங்காலில் கையை ஊன்றித்தான் பல இடங்களில் ஏறினோம். வழிகாட்டி ஞானஜோதி முன்னால் நடந்தார்.

3. அந்தப் பாதையில் வழிகாட்டிகள் கடைப்பிடிக்கும் முறையைத் தாங்கள் அறிவீர்கள். விசில் ஊதினால் காட்டுமாடு மிரளும் என்பதால் வாயால் கூவுகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வழிகாட்டி நின்று கூவ, வரிசையில் கடைசியாக வருபவர் மட்டும் பதிலுக்குக் கூவ வேண்டும். நடுவில் இருப்பவர்கள் வாய்திறக்கக் கூடாது. கடைசிக் குரல் கேட்டால், இடையிலுள்ள எல்லோரும் இருக்கிறார்கள் என்று பொருள். புறப்படும் இடத்தில் ஞானஜோதி இதைத் தெளிவாகச் சொன்னார்: “கடைசி ஆளு சத்தம் வந்தாத்தான் என் காலு நகரும். வரலைன்னா நான் அங்கனயே நின்னுக்கிருவேன்.” புகாரில் உள்ள “வழிகாட்டி ஒருமுறைகூடக் குரல் கொடுக்கவில்லை” என்ற வரி பொய். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கூவினார். நான் கேட்டேன்.

4. கடைசி ஆளாக வருகிறேன் என்று முன்வந்தது நான்தான். பொறுப்புணர்ச்சியால் அல்ல. கடைசியில் நடந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். மலைகளைப் பற்றி நிறைய வாசித்தவள் நான். மலையும் எனக்கு ஒரு புத்தகம்போல அமைதியாகக் கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன். அடையாளம் தெரிந்துகொள்ள ஒருமுறை கூவிக்காட்டும்படி ஞானஜோதி என்னைக் கேட்டார். எனக்கு நாலு பேர் நடுவில் குரலை உயர்த்திப் பழக்கமில்லை. வகுப்பில்கூட மேசையைத் தட்டித்தான் பிள்ளைகளை அமைதிப்படுத்துவேன். நான் தயங்கி நின்றதைப் பார்த்த ரஸியா காதருகே வந்து, “நீ பேசாம நட அன்சி, உனக்கும் சேத்தி நானே கூவிக்கறேன். ஏந்தொண்டை சும்மாதான கெடக்குது” என்றார். அப்போது ஞானஜோதி எங்களுக்கு முதுகு காட்டியபடி அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கக் கௌசிகாவின் காலுறையில் புகையிலைத் தூள் தடவிக்கொண்டிருந்தார். ரஸியா என் முதுகுக்குப் பின்னால் நின்று கூவினார். எல்லோரும் சிரித்தோம். திரும்பிப் பார்க்காமலே ஞானஜோதி, “நல்ல சத்தம்” என்றார். அந்தக் கணத்திலிருந்து அவர் காதில் ரஸியாவின் குரலே என் குரல்.

5. முடியை அடையும்வரை கேடொன்றும் இல்லை. இறங்கத் தொடங்கியதும் பனிமூட்டம் சூழ்ந்தது. முன்னால் ஞானஜோதி, பின்னே சிராஜும் ரஸியாவும், அவர்களுக்குப் பின் கௌசிகா, கடைசியாக நான். ஓரிடத்தில் மூட்டம் விலகி, கீழே சோலைக்காடு மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. பாதையை விட்டு விலகி ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கீழிருந்து ஞானஜோதியின் கூவல் வந்தது. ரஸியாவின் பதில் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. என் பெயரால் யாரோ நடந்துகொண்டிருக்க, நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

6. கௌசிகா மட்டும் திரும்பிப் பார்த்திருக்கிறார். நான் இல்லை என்று கண்டதும் என்னைத் தேடி மேலே ஏறியிருக்கிறார். மறுபடி கவிந்த மூட்டத்தில் என் பாறையைக் கடந்துபோய், மாடுகள் இறங்கும் தடத்தைப் பாதை என்று நினைத்து அதில் இறங்கி, ஓடைப் பள்ளத்தில் சரிந்து கால் முறிந்து விழுந்தார். நான் எழுந்து, பாதையைப் பிடித்து, மற்றவர்கள் காத்திருந்த தாழ்வான மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கௌசிகா அங்கே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

7. ஞானஜோதி என்னைப் பார்த்து, “நீதானம்மா கூவுன?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ரஸியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதன்பின் எழுதப்பட்ட, கேட்கப்பட்ட, தீர்மானிக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் அந்தத் தலையாட்டல்தான் அடிப்படை.

8. எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அவர் தனியே மேலே போனார். பள்ளத்துக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டுக் கௌசிகாவைக் கண்டுபிடித்தார். தன் சேலைத் துண்டால் காலைக் கட்டி, முதுகில் சுமந்து இறக்கினார். புகாரில் இது ஓரிடத்திலும் இல்லை.

9. மருத்துவமனையில் கௌசிகாவின் தந்தை யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சிராஜ் எங்களைத் தனியே அழைத்து, “நம்ம மேல வராம இருக்கோணும்னா அந்த வழிகாட்டி மேல எழுதித்தான் ஆகோணும்” என்றார். ரஸியா கூவிய விவரம் சிராஜுக்கும் தெரியும். புறப்படும்போது அவரும்தான் சிரித்தார். புகாரை அவரே எழுதினார். வழிகாட்டி குரல் கொடுக்கவில்லை என்ற வரியை நான் இருமுறை வாசித்தேன். பிறகு கையொப்பமிட்டேன். விசாரணைக்காகத் தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, வழிகாட்டி குரல் கொடுத்தாரா என்று கேட்டபோது, “நினைவில்லை” என்று பதில் சொன்னேன். நினைவு இருந்தது.

10. அட்டை நிறுத்திவைக்கப்பட்ட செய்தி வந்தபின் தனியாக வட்டவடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஜீப் ஏறினேன். ஞானஜோதி ஒரு தோட்டத்து ஓடையில் காரட் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, கௌசிகாவின் கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். புகாரைப் பற்றிப் பேசவில்லை. தன் காதைப் பற்றித்தான் பேசினார். மூணாறுக்குப் போய் டாக்டரிடம் காட்டினாராம். “ஒண்ணுமில்லன்னுட்டாரு. ஒண்ணுமில்லன்னா எப்பிடிம்மா? ஒஞ்சத்தம் எனக்குக் கிட்டத்துல கேட்டுச்சு. இந்தப் பொண்ணு நல்லா நடக்குதேன்னுகூட நெனச்சேன். நீ வந்து சேர அம்புட்டு நேரமாச்சு. அப்ப எங்காதுதானே பொய் சொல்லிருக்கு?” என்றார். இனி அட்டை கிடைத்தாலும் மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகப் போவதில்லை என்றும், மற்றவர் உயிரோடு விளையாடக் கூடாது என்றும் சொன்னார். அவர் பையில் போட்டுக் கொடுத்த காரட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

11. ஊர் திரும்பியதும் கௌசிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது அவர் தடுத்து, “நானு அப்பறம். மொதல்ல அந்த அக்காவுக்குச் சொல்லு” என்றார். நேரில் சொல்லும் துணிவு எனக்கு இருமுறை இல்லாமல் போனது. எனவே எழுதுகிறேன்.

12. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

அ. பார்வையில் கண்ட புகாரிலிருந்து என் கையொப்பத்தையும், தொலைபேசியில் நான் சொன்ன பதிலையும் நீக்கி, இந்த மனுவையே என் வாக்குமூலமாக ஏற்க வேண்டும். ரஸியா நேரில் வந்து நடந்ததைச் சொல்லச் சம்மதித்திருக்கிறார். அவர் கூவியது எனக்கு உதவியாக. குற்றம் அவர் மீது சேர வேண்டாம்.

ஆ. நிறுத்திவைப்பு உத்தரவை விலக்கி, ஞானஜோதி அவர்களின் அட்டையைத் திரும்ப வழங்க வேண்டும். பொய்ப் புகாருக்கு விதிப்படி என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுக்கலாம். அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

இ. இருதரப்பையும் அழைத்துச் சமரசம் பேசி முடிக்க வேண்டாம். அப்படி அழைத்தால், எதிரே நிற்கும் நான் சங்கடப்படக் கூடாது என்பதற்காகவே அவர் “பரவால்ல” என்று சொல்லிவிடுவார். அந்த வேலையையும் அவரிடம் கொடுக்க வேண்டாம்.

ஈ. உத்தரவை விலக்கும்போது, வழக்கமாக எழுதும் “போதிய ஆதாரமின்மையால்” என்ற சொற்களைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். அதை வாசித்தால் அவர் ஐயம் தீராது. அன்று அவருக்குக் கேட்ட குரல் கிட்டத்திலிருந்துதான் வந்தது, அதை அவர் சரியாகவே கேட்டார், அவர் காதில் குறையேதும் இல்லை என்று, அவர் வாசிக்கும் தமிழில், ஒரு வரி எழுதித் தர வேண்டுகிறேன்.

இடம்: பெருமாட்டி
நாள்: 24.11.2025

நடந்தவற்றுக்குப் பொறுப்பேற்று ஒப்பமிடுவது,

(ஒப்பம்)
கு. அன்சிலா

நகல்:
1. திருமதி ஞானஜோதி, வட்டவடை.
2. கௌசிகாவின் தந்தை.
3. திரு. சிராஜ் – இப்படி ஒரு மனு அளிக்கப்படுவதை அவர் இந்த நகலின் மூலமே அறிகிறார்.