முருகேசனின் போன்: நிறை, குறை

மே 4, திங்கள்

கத்திரி தொடக்கம். காலை எட்டு மணிக்கே மருத்துவமனைச் சுவர் கையைச் சுட்டது.

தம்பி முருகேசன், ஆண்கள் அறுவைப் பிரிவு, ஜன்னலோரக் கட்டில். வலக்கையில் முழங்கை வரை கட்டு. கோபம் தெளிவாக எண்ண விடாது. ஆகையால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நேற்று மாலை, இண்டூரில் தன் தக்காளிக் காட்டில், போர்வெல் கம்ப்ரஸருக்குப் புதுப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடிவிட்டது. பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் விரல்கள். சுண்டுவிரல் அங்கேயே போயிற்று. மற்றவை இருக்குமா போகுமா, தெரியாது. மருத்துவர்: "ரத்த ஓட்டம் வருதான்னு பார்ப்போம் சார்."

மோட்டாரை எவரும் போடவில்லை. சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. முருகேசனின் எண்ணிலிருந்து அழைப்புப் போனால் மோட்டார் ஓடும். அழைப்பு போயிருக்கிறது. போன் அப்போது அவன் சட்டைப்பையில்.

செல்வி, அவன் மனைவி, பாலிதீன் உறையோடு போனை நீட்டினாள். உறையின் உட்புறம் வியர்வை முத்துகள்.

"இதைக் கல்லுல வச்சு நசுக்கட்டுமா மாமா?"

வேண்டாம், என்னிடம் கொடு என்றேன்.

வாங்க: பிளாஸ்க், வேட்டி இரண்டு, கொசுவத்தி.

மே 5, செவ்வாய்

வெயில். தூக்கமில்லை. பிளாஸ்க் வாங்கியாயிற்று, மூடி சரியில்லை.

போனை மேசையில் வைத்து ஆராய்ந்தேன். பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் வகை. இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பொருளை நியாயமாக எடைபோட எனக்குத் தெரியும்.

நிறை. பாட்டரி இரண்டு நாள் நிற்கிறது. திரை பெரிது, பாலக்கோடு சந்தையின் தக்காளி விலையைக் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். கம்ப்ரஸர் இரைச்சலிலும் மணி கேட்கும். வரப்பில் பலமுறை விழுந்தும் உடையவில்லை.

குறை. சூடேறுகிறது. கேட்காமலே விளம்பரம் வந்து திரையை மறைக்கிறது. கைரேகைப் பூட்டு முருகேசனின் கட்டைவிரலை ஒருநாளும் ஏற்றதில்லை. தக்காளிக் கறையும் சுண்ணாம்பும் பூச்சிமருந்தும் தின்ற விரல் அது. ஆகவே கடைக்காரர் பூட்டையே எடுத்துவிட்டிருக்கிறார். கூடவே முகப்பில் 'மோட்டார்' என்று ஒரு பெரிய பொத்தான். ஒரு தொடுதல் போதும். அதை ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டான். அவன் கணக்கில் அது நிறை.

பெருங்குறை: ஈரம் பட்டால் தொடுதிரை தானாக இயங்குகிறது. தை மாதமே கடையில் சொல்லியிருக்கிறான். "அப்டேட் வந்தா சரியாயிடும்ணா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

சாயங்காலம் மருத்துவமனை நடைக்கூடம். பக்கத்துக் காட்டு மாதையன் ஊர்க்காரர் இருவரோடு. நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருப்பது தெரியாது.

"போன் தானா மோட்டாரு போட்டுச்சாம். அப்ப எம் போனு தானா போயி கடலைக்குக் களை எடுக்கட்டும்."

சிரிப்பு.

"தண்ணி போட்டுருப்பான்யா. ஞாயித்துக்கிழம சாயந்தரம்... கேக்கணுமா?"

"செல்விகிட்ட சொல்லிடாத. பாவம்."

முருகேசன் குடியை விட்டு ஏழு வருடம் ஆகிறது. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே பேசுகிறார்கள். நான் தூணைச் சுற்றி வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

மே 6, புதன்

தம்பி கொஞ்சம் பேசினான். முதல் கேள்வி: "ஊர்ல என்ன பேசறாங்க?" ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. "குடிச்சேங்கறாங்க இல்ல?" செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆக, அவள் காதுக்கும் வந்துவிட்டது.

ப்யூஸ் கேரியரை ஏன் பிடுங்கி வைக்கவில்லை என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டும்.

"எதுக்குண்ணா புடுங்கணும்? போனு எம் பையிலதான இருக்கு. நான் போடாம எப்படி ஓடும்?"

சாவியைத் தன் இடுப்பில் செருகியவன் வீடு பூட்டியிருக்கிறது என்றுதான் நம்புவான். இண்டூரில் எல்லோரும் அப்படித்தான் பெல்ட் மாட்டுகிறார்கள்.

நடுவிரல் கறுத்திருக்கிறது.

மே 7, வியாழன்

தருமபுரி, பேருந்து நிலையம் அருகே, போன் வாங்கிய கடை. குளிரூட்டி. நெற்றியில் சந்தனத்தோடு உரிமையாளர். ஏறக்குறைய என் வயது.

"தண்ணி உள்ள போயிருக்கு சார். வாரண்டி வராது."

தண்ணீர் இல்லை, வியர்வை என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். இந்த விலைக்கு இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறீங்க?"

வெயிலில் வேலை செய்பவன் வியர்ப்பான் என்பதை எதிர்பார்க்கலாம் என்றேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தினால் அவருக்கு அது வெறும் வாடிக்கையாளர் சண்டையாகிவிடும். என் தம்பியின் கையை விவரித்தேன். எந்த விரல், எந்த இடத்தில், என்ன நிறம். அவர் கண் என்னைத் தாண்டிக் கண்ணாடிக் கதவுக்குப் போயிற்று.

"நம்ம என்ன சார் பண்றது. வேணும்னா எக்ஸ்சேஞ்ச்ல நல்ல விலை போட்டுத் தரேன்."

அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து விரல். நகம் வெட்டி, சுத்தமாக.

வெளியே வந்து மோர் குடித்தேன்.

மே 8, வெள்ளி

இண்டூர். உச்சிவெயில். மாதையனை வரச்சொன்னேன், அன்று நடைக்கூடத்தில் அவரோடு நின்ற இருவரையும்தான். பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு நடத்துவதைப் போல.

பெல்ட் கழற்றிய மோட்டார். மும்முனைக் கரண்ட் இருந்தது. போனைப் பாலிதீன் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். மண்வெட்டி எடுத்து வாய்க்கால் வெட்டத் தொடங்கினேன். மோட்டார் பக்கம் எவரும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"வாத்தியாரு வெட்டறத பாரு. வாய்க்கால் அடுத்த கார்த்திகைக்கு முடியும்." மாதையன்தான்.

வெட்டினேன். சட்டை முதுகோடு ஒட்டியது. குனிந்தேன், நிமிர்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் வேப்பமரத்தடிக்கு நகர்ந்து பீடி பற்றவைத்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். நான் நிறுத்தவில்லை.

மோட்டார் ஓடிற்று.

என் இரு கைகளும் மண்வெட்டிப் பிடியில். மூவரும் பார்த்தார்கள். சக்கரம் வெறுமனே சுழன்றது. நான் போய் ப்யூஸைப் பிடுங்கினேன்.

மாதையன் மெல்லத் தன் சட்டைப்பைக்குள் கைவிட்டார். அவர் போனும் பாலிதீன் உறைக்குள்தான். ஏதோ பாம்பு போல இரண்டு விரலால் பிடித்து வரப்பில் வைத்தார்.

"எங்கூட்டு மோட்டாருக்கும் இதே பெட்டிதாங்க."

தெரியும் என்றேன்.

"தம்பிய... நாங்க ஏதோ வாய்க்கு வந்தத..."

செல்வியிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். மன்னிப்பதற்கு நான் யார்.

மே 9, சனி

மாதையன் செல்வியிடம் போயிருக்கிறார். நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாராம். நம் மோட்டாருக்குப் பெல்ட்டும் அவரே மாட்டிக் கொடுத்திருக்கிறார், ப்யூஸைத் தன் மடியில் வைத்துக்கொண்டு.

மருத்துவர் அழைத்தார். நடுவிரல், மோதிரவிரல் எடுக்க வேண்டும். சுட்டுவிரல் பிழைக்கும், மடங்காது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து என்னுடையது.

மே 10, ஞாயிறு

எடுத்துவிட்டார்கள்.

மே 12, செவ்வாய்

இரவு இடி மட்டும். மழை இல்லை.

நேற்றே போனில் அந்தப் பொத்தானை நீக்கினேன். எண் பூட்டு வைத்தேன். சிம்மை மாற்றிப் போட, வியர்வை தாங்கும் போன் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அது வெள்ளிக்கிழமைதான் வருமாம். அதுவரை இதே.

காலை பத்தரை. பெட்டியிலிருந்து குறுஞ்செய்தி: கரண்ட் வந்துவிட்டது. முருகேசன் மணி ஓசையிலேயே கண்டுகொண்டான்.

"போடணும்ணா. ஒரு வாரமாத் தண்ணி காட்டல. காயி வெம்பிடும்."

செல்வி காட்டில்தான் இருக்கிறாள், அவளே சுவிட்சில் போடட்டும் என்றேன்.

"அவள அந்த மோட்டாருகிட்ட அனுப்பாத."

இடக்கையால் போனை வாங்கினான். எண் பூட்டு. தவறு. மறுபடியும் தவறு. இடக்கட்டைவிரல் பழகவில்லை. வலக்கைக் கட்டு தானாக எழுந்து உதவிக்கு வந்தது. பாதி வழியில் நின்று, போர்வைமேல் இறங்கியது. போனை என்னிடம் நீட்டினான்.

என் போனிலிருந்து செல்வியை அழைத்தேன். மோட்டார் பக்கம் யார்?

"யாருமில்லீங்க மாமா. நான் வேப்பமரத்துக்கிட்ட நிக்கறேன். ஆடு கன்னு எதுவுமில்ல. போடுங்க."

மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள்.

அவன் போனில் மோட்டார்ப் பெட்டியின் எண்ணைத் தேடி அழைத்தேன். முதல் தடவையிலேயே சென்றது. என் காதில் முதலில் இரைச்சல், பிறகு அவள் குரல்: "தண்ணி வந்துடுச்சு."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். போனை உறையில் போட்டு என் சட்டைப்பையில் வைக்கப்போனேன்.

"பையில வைக்காதண்ணா."

ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.