பாலு பெயரில் போன ரத்தம்

ஜூலை 7, திங்கள்

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பெருங்குடலில் புண் என்று மூன்று வருடமாகப் பார்க்கிற அதே டாக்டரம்மாதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். எப்போதும்போல ரெண்டு என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்று ஒன்று பார்த்தார்களாம். குடல் புண்ணாகி வீங்கினால் அது ஏறுமாம். ஏழுக்குள் இருக்க வேண்டியது எனக்கு முப்பத்தெட்டு.

"நீங்க ரெண்டுன்னு சொல்றீங்க. உங்க ரத்தம் அப்படிச் சொல்லலையே" என்றார். சொல்லிவிட்டு என் மனைவி சுகன்யாவைப் பார்த்தார். அவளை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஜூலை 8

சுகன்யாதான் ஏதோ போட்டுக்கொடுத்திருக்கிறாள். போன மாதம் நான் மாத்திரை வாங்க வரிசையில் நின்றபோது இவள் டாக்டர் அறையில்தான் இருந்தாள். கேட்டேன்.

"நா வாயே தொறக்கலைங்க. சும்மா பேஜார் பண்ணாதீங்க."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

ஜூலை 10

மாத்திரை போதாது, ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. அதற்கு முன் கேமரா விட்டுக் குடலைப் பார்க்க வேண்டுமாம். எண் ஏறினால்தானே ஊசி விற்கும்? ஃபைலில் குடல் புண் என்று பார்த்ததும் லேப்காரன் கை தானாக முப்பத்தெட்டு எழுதும். எனக்கென்ன குறை? தறியில் உட்காருகிறேன், நெய்கிறேன், சொன்ன நாளில் புடவை போய்ச் சேருகிறது. எங்கள் ஊர் முள்ளிப்பட்டில் யாராவது என்னை நோயாளி என்று சொல்லட்டும் பார்ப்போம்.

ஒரு யோசனை. பக்கத்து வீட்டு பாலுவிடம் சொன்னேன். அவனும் நெசவுதான், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. "உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சாடா?" என்றான். கடைசியில் கூட வர ஒப்புக்கொண்டான்.

ஜூலை 12, சனி

ஆரணியில் ஒரு லேப். சென்னைக்கு அனுப்பிப் பார்ப்பார்களாம். பாலு என்று சொல்லி நான் ரத்தம் கொடுத்தேன். ஜெகநாதன் என்று என் பெயரைச் சொல்லி பாலு கொடுத்தான். ஜெகநாதன் சீட்டில் மட்டும் குடல் புண் என்று எழுதச் சொன்னோம். இனி ஜெகநாதனுக்கு எண் ஏறி வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

ஜூலை 15

ஜெகநாதன் – 3. பாலு – 43.

மூன்று முறை படித்தேன். இனி யார் மேல் சந்தேகப்படுவது?

அதோடு விட்டதா? பாலு லேபில் தன் மனைவி உதயாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறான், மடையன். அவர்கள் அவளைக் கூப்பிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள் என்றிருக்கிறார்கள். அழுதபடி வந்து நின்றாள்.

"அண்ணா, அவருக்கு இன்னா வந்துகீது? மறைக்காம சொல்லுங்கண்ணா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

பாலு தலையைத் தூக்கவில்லை. அது என் ரத்தம் என்று சொல்லிவிட்டேன். உதயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேவிட்டாள். "நல்லவேள" என்றாள். பிறகுதான் சுகன்யா பின்னால் நிற்பதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

சுகன்யா ரெண்டு சீட்டையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 16

காலையில் தறிக்குப் போகுமுன் மறித்தாள். "நெஜமா எத்தினி தடவ?"

"ரெண்டு."

"தறியில எறங்கினதுக்கு அப்புறமா?"

"ஆமா."

"அதுக்கு முந்தி?"

நான் பொய் சொல்லவில்லை — தறியை விட்டு எழுந்ததை மட்டும் எண்ணியிருக்கிறேன். எனக்கு நாள் என்றால் தறிக்குழியில் கால் வைத்ததிலிருந்து காலை எடுக்கும்வரைதான். நடுவில் எழுந்தால் வேலை நிற்குமே என்று பகலில் ஒரு வாய் சோறுகூடத் தின்பதில்லை. விடியுமுன் நாலு, விளக்கு வைத்தபின் மூன்று, அதுவும் ரத்தத்தோடு — அதெல்லாம் எந்த நாளில் சேர்த்தி? மொத்தம் ஒன்பது. ஒன்பது தடவை போகிறவன்தான் எனக்கென்ன குறை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

கேமரா பார்த்தார்கள். பாதிக் குடல் புண். டாக்டரம்மாவிடம் ஒன்பது என்றேன். திட்டவில்லை.

"ரத்தத்துல வர்ற நம்பரை மட்டும் வச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். அது உங்க பேச்சோட ஒத்துப்போகல, அதான் விடாம கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா குடலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

அன்றைக்கு ஏன் சுகன்யாவைப் பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். "அவங்களுக்காவது தெரியுமான்னு பார்த்தேன்" என்றார்.

சுகன்யாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை.

ஜூலை 31

முதல் ஊசி. மருந்து காலாவதி ஆகிவிட்டதா என்று நானே வாங்கிப் பார்த்தேன். ஆகவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டாவது ஊசி. போன வாரம் எடுத்த ரத்தத்தில் எண் பதினாறு. எத்தனை தடவை என்கிற கேள்வி வந்ததும் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா கேட்டது என்னை இல்லை.

"நாலு" என்றாள் சுகன்யா. "வெடிகாலைல ரெண்டு, தறியிலிருந்து ஒண்ணு, படுக்கறதுக்கு முந்தி ஒண்ணு."

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நாலுதான்.