அம்மாவின் தண்ணி மாத்திரை

நவம்பர் 11, செவ்வாய்
காலையிலிருந்து மழை. சப்பாத்து இன்னும் காயவில்லை.

விஞ்ஞானப் பாடம்: இதயம். மூளை சொல்லாமலே தானாக அடிக்குமாம். உள்ளுக்குள்ளேயே சின்னதாக ஒரு மின்சாரம். "காலையில தோட்டத்துப் பெரட்டுல வரிசையில நின்னு பேர் குடுக்காம வேலைக்குப் போற ஒரே ஆளு, டீச்சர். பௌர்ணமிப் போயா லீவும் கெடையாது" என்றேன். டீச்சர் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு நாடி பார்க்கும் பயிற்சி. அக்குளில் டென்னிஸ் பந்தை வைத்து இறுக்கிக்கொண்டு கையை நீட்டினேன். அப்படிச் செய்தால் மணிக்கட்டில் துடிப்பு நின்றுவிடும். டீச்சர் யாழ்ப்பாணம். முகம் வெளிறிப்போய், "ஐயோ பிள்ளை, நாடியைக் காணேல்லை!" பந்து விழுந்தது. இருபது நிமிடம் முழங்காலில்.

வீட்டில் அம்மாவிடமும் அதே வித்தை. "சனியனே, வெளையாட்டுக்கு ஒரு அளவில்ல?" பதிலுக்கு அம்மாவின் கையைப் பிடித்தேன். டக். டக். ஒன்றுமில்லை. டக்டக்டக். போன வருடமே பதுளை கிளினிக்கில் இதயத்துக்கு மருந்து கொடுத்தார்கள். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்
கிளினிக். ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே. அம்மாவின் கால் செருப்புக்குள் போகவில்லை, அவ்வளவு வீக்கம்.

டொக்டர்: "தண்ணி மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"
அம்மா: "தவறாமப் போடுறேங்க."
டொக்டர்: "பிறகு ஏன் இப்படி? இதயம் களைச்சுப்போய்த்தான் ஓடுது அம்மா. மாத்திரையை விட்டா உயிருக்கு ஆபத்து."

பஸ்ஸில் ஜோக் எதுவும் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

நவம்பர் 15, சனி
செய்ய வேண்டியவை: கணக்கு ஒப்படை, விறகு, அப்பாவுக்குக் கொழும்புக்கு போன்.

சீனி தேடியபோது பழைய பால்மா டின் அகப்பட்டது. உள்ளே ஆஸ்பத்திரிக் கடதாசி உறைகள். எல்லாம் தண்ணி மாத்திரை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அம்மாவுக்குப் பூச்சியம்.

"ஏம்மா?"
"அதப் போட்டா ஒரு மணித்தியாலத்துல மூணு தடவ ஒண்ணுக்கு வருதுடி. கொழுந்து எடுக்குற எடத்துல எங்க போயி ஒக்கார்றது? பக்கத்து மலையில தேயிலையெல்லாம் கவ்வாத்து வெட்டி மொட்டையாக் கெடக்கு. மறைவே இல்ல. கீழ ரோட்டு, மேல ஆம்பளைங்க."
"அந்தியில போடுறது?"
"ராத்திரியில டார்ச் அடிச்சிக்கிட்டு லயத்து வீட்டு வரிசைக் கோடியில இருக்குற கக்கூசுக்கு யாரு போறது? ஞாயித்துக்கெழம போடுறேன்ல."
"கங்காணிகிட்ட சொல்லு."
"ஆம்பளகிட்டயா? நீ வாயத் தொறந்தே, செத்தாலும் ஒன்கூடப் பேச மாட்டேன்."

தானாக அடிக்கிற இதயமாம். ஏழு நாளைக்கு ஒரு மாத்திரையில்.

நவம்பர் 17, திங்கள்
பனிமூட்டம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதுமே சிரிப்பு. "வந்துட்டாடா! இன்னக்கி என்ன கூத்து?" போன மாதம் இதே இடத்தில் பாம்பு என்று கத்தி எல்லாரையும் ஓட விட்டவள் நான். என்னை யார் நம்புவது?

கங்காணியிடம் சொன்னேன். மாத்திரை, வீங்கிய கால், மறைவு, எல்லாம். ஒண்ணுக்கு என்ற சொல்லையும். இரண்டு பையன்கள் கெக்கே என்றார்கள். அம்மா கூடைக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்து எட்டாம் காம்பரா வீட்டுச் செல்வி அக்கா அந்தப் பையன்களைப் பார்த்து, "என்னடா சிரிப்பு? நாங்க எல்லாரும் அதுக்குப் பயந்துதான் விடிஞ்சதுலருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. ஒங்க ஆத்தாளும்தான்" என்றாள்.

கங்காணி தொண்டையைச் செருமினார். "லயத்துக்குக் கிட்ட மூணாம் நம்பர் மலையில ஒங்கம்மாவப் போட்டு விடுறேன். கக்கூசு பக்கந்தான். மத்த மலைங்கள்ல கக்கூசு கட்டுறது... தோட்டத்துத் தொரைகிட்ட பேசிப் பாக்குறேன்."

அம்மா என்னைத் தாண்டிப் போனாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சாயந்தரமும் பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைத்திருந்தாள்.

நவம்பர் 18, செவ்வாய்
மழை இல்லை. நான் பல் விளக்கும்போது அம்மா முன்னால் வந்து நின்றாள். மாத்திரையை விழுங்கினாள். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். கூடையை எடுத்துக்கொண்டு மூணாம் நம்பர் பக்கம் போய்விட்டாள்.