நீ அடித்துவிட்ட பாட்டு

காலையில் மகன் கைபேசியோடு வந்து, "கார்ல போகும்போது கேக்கணும்மா. ஊர் சுத்துற பாட்டா நாலு சொல்லுங்க" என்றான். எனக்குப் பாட்டு நினைவுக்கு வரவில்லை, நீதான் வந்தாய். நீ கண்ணை மூடி ஆறு வருடமாகிறது. அவன் கிளம்பிப் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில், துணி மடிக்கும் மேசையில் எனக்கு எதிரே நீ. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாய். பெண்கள் பதினாலு பேர் வேன் பிடித்துக் கன்னியாகுமரி போவதென்று முடிவானதும், பாட்டுக் கேசட்டுக்கு எல்லாரும் உன்னைத்தான் கைகாட்டினோம். அத்தா என்று நீ கூப்பிடும் உன் அப்பாவின் ரேடியோ புண்ணியத்தில் உனக்குத் தெரியாத பாட்டில்லை.

"ஏட்டி, கண்டதையும் போடக் கூடாது. ரயில் பாட்டு, வண்டிப் பாட்டு, நாடோடிப் பாட்டு, அம்புட்டும் பயணமா இருக்கணும்" என்றாய். போகும்போது கேட்க ஒரு பக்கம், திரும்பும்போது கேட்க ஒரு பக்கம். களைத்துத் திரும்புகிறவர்களுக்கு மெல்ல நடக்கிற பாட்டுத்தான் வேண்டும் என்பாய். இதையெல்லாம் ஒருத்தி யோசிப்பாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கேசட் பதிந்து வந்த பிறகு, மேரி அக்காவும் வருவதாகச் சொன்னார். அவர் கணவர் லாரி ஓட்டியவர். முந்தைய வருடம் லோடு ஏற்றிப் போன வழியில் விபத்தில் இறந்துவிட்டார். அதன் பிறகு அக்கா வேலைக்கும் சர்ச்சுக்கும் தவிர எங்கும் போனதில்லை.

உன் முகம் மாறிவிட்டது. வாசலில் நிற்கும் மனைவியிடம் சொல்லிக்கொண்டு லாரிக்காரன் புறப்படுகிற பாட்டு ஒன்று கேசட்டில் இருந்தது.

"டேப்புல அத மட்டும் வேகமா ஓட்டி விட்டுட்டாப் போச்சு" என்றேன்.

"ஏன் ஓட்டுறோம்னு அவியளுக்குத் தெரியாதாக்கும்?" என்றாய். எழுதி வைத்திருந்த பட்டியலில் அந்தப் பாட்டை அடித்தாய். மறுநாள் அரை நாள் லீவு போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் அதன் மேல் வேறு பாட்டைப் பதிந்து வாங்கினாய்.

வேன் சங்கரன்கோவில் தாண்டியதும் முதல் பக்கம் முடிந்தது. ஜன்னலோரம் இருந்த மேரி அக்கா திரும்பி, "ஏட்டி, அந்த லாரிப் பாட்டு வரலையே?" என்றார்.

'கேசட் சிக்கிருச்சுக்கா' என்ற பொய் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் நீ சொன்னாய்: "நாந்தான் எடுத்துட்டேன்க்கா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

அக்கா சொன்னார்: "அவிய போன நாள்லேருந்து அவிய பேச்ச யாருமே எடுக்க மாட்டேங்கிய. பயணப் பாட்டாப் போடுறாகன்னதும், அது இருக்கும்னு ஆசையா வந்தேன். அவியளுக்கு அந்தப் பாட்டுன்னா உசுரு."

நாலு பேர் முன்னால் வாய் திறந்து பாடாதவள் நீ. முணுமுணுப்பதோடு சரி. அன்று எழுந்து, இருக்கைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாய். "தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றாய். பிறகு பாடினாய். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாம் சரணத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாட, அக்கா திருத்தினார். அதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே பாடினீர்கள். பாட்டு முடிந்தபோது அக்கா அழுதார். அழுதுகொண்டே, அந்தப் பாட்டு வந்தால் கணவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டு வழி தவறிப் போன கதையைச் சொல்லிச் சிரித்தார். திருநெல்வேலி வரும்வரை அவர் பேச்சு ஓயவில்லை.

கடற்கரையில் என்னிடம் நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நம்மளா ஒண்ண நெனச்சுக்கிட்டோம்ட்டி. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கேசட்டுக்காக நீ அலைந்ததைவிட, வேன் நிறையப் பேர் பார்த்திருக்க, தப்பை ஒத்துக்கொண்டு பாடினாயே, அதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிதாகத் தெரிகிறது.

போன மாதம் எதிர்வீட்டு அம்மா தன் மகனைப் பறிகொடுத்தார். வந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் வராததைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பியப் பத்திப் பேசலாமா, வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். அப்புறம், அவன் நடை பழகிய நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.