நிமிஷக் கடை

மார்ச் 2, ஞாயிறு

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும் — என்று எழுதிய பிறகுதான் தோன்றியது, இதைப் படிக்கப்போகிறவன் நான் ஒருவன்தான். சரி, என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அறுபத்தெட்டு வயதில் 'ழ' போடக் கற்றவன் கை வேறு எப்படிப் போகும்? ஆனாலும் எழுதுகிறேனே! நான்! எழுதுகிறேன்!

நூலகத்து மாலை வகுப்பில் டீச்சர், "மனசுல இருக்கிறதை எழுதுங்க" என்றார். என் மனதில் இருப்பது வசவு. எனவே அதையே எழுதுகிறேன்.

என் இளைய மகன் சின்னவன் இருக்கும் சிறையில் தொலைபேசி நடத்துகிற கம்பெனிக்கு நான் வைத்த பெயர் நிமிஷக் கடை. உலகமெல்லாம் பேச்சு சும்மா கிடைக்கிற காலத்தில் இவன் மட்டும் நிமிஷத்தை நிறுத்து விற்கிறான். அவன் சொன்னதுதான் விலை. உள்ளே அடைபட்டவன் வேறு எந்தக் கடைக்குப் போவான்? கால் மணி நேரம் பேசினால், நான் டெப்போவில் பஸ் கழுவிச் சம்பாதிக்கிற அரைநாள் கூலி காலி. கால் மணி ஆனதும் பாதிப் பேச்சில் வெட்டிவிடும். மறுபடி எடுத்தால் இணைப்புக் கட்டணம் தனி. படுபாவிகள்.

'படுபாவி' எவ்வளவு அழகாக வந்திருக்கிறது! வாயால் திட்டினால் காற்றோடு போகிறது. எழுதினால் அப்படியே நிற்கிறது.

மார்ச் 5

நிமிஷக் கடையை நாங்கள் ஏய்க்கிற விதத்தையும் எழுதிவைக்கிறேன். இது சின்னவனின் மூளை. இந்த மூளையை நல்ல வழியில் விட்டிருந்தால், திருட்டுச் சரக்கு ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டு போய் மூன்று வருஷம் வாங்கியிருக்க மாட்டான்.

நாம் அவனைக் கூப்பிட முடியாது. அவன்தான் கூப்பிட வேண்டும். நாம் எடுத்ததும் இயந்திரக் குரல் ஒன்று, "சிறையிலிருந்து உங்களை அழைப்பவர்" என்று சொல்லி, அவன் தன் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் இடம் விடும். பிறகு, ஏற்க ஒன்று, மறுக்க இரண்டு. ஏற்றால்தான் காசு. அந்த ஒரு மூச்சில் அவன் பெயரா சொல்கிறான்? "அம்மா மாத்திரை போட்டியா எனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு" என்று ஒரே ஓட்டம். என் சம்சாரம் இரண்டை அமுக்கிவிடுவாள். செய்தி வந்தாயிற்று, செலவில்லை.

பதிலுக்கும் வழி உண்டு. முதல் மணியிலேயே அவள் எடுத்தால் இங்கே எல்லாரும் நலம். நிறைய அடிக்க விட்டு எடுத்தால் ஏதோ சரியில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் நிஜமாக ஏற்போம். எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி. என் பாதியிலும் அவள் கொஞ்சம் கடித்துக்கொள்வாள்.

மார்ச் 9

இன்று அழைப்பு இல்லை.

மார்ச் 12

இன்றும் இல்லை. போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். குளிக்கப் போனால் என்னைக் காவல் வைத்துவிட்டுப் போகிறாள்.

மார்ச் 13

நிமிஷக் கடைக்கு நேரிலேயே போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பேத்தி வயதில் ஒரு பெண்.

"உங்க நம்பரை நிறுத்தி வச்சிருக்கு, ஐயா. பேர் சொல்ற இடத்துல பேரை மட்டும்தான் சொல்லணும்."

"அவன் பேரே அதுதான்னு வச்சுக்கம்மா."

"'அம்மா மாத்திரை போட்டியா'ங்கிறது பேரா?"

"வீட்டுல கூப்பிடற பேரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் நின்ற மேலாளருக்கு வரவில்லை. "பெரியவரே, இது ஏமாத்து வேலை. அபராதம் கட்டுனாத்தான் திறப்போம்."

"ஏமாத்துனவன் உள்ள இருக்கான். நீங்க மட்டும் எப்படிய்யா வெளிய இருக்கீங்க?"

காவலாளி என் தோளைத் தொட்டான். வந்துவிட்டேன். மாதக் கடைசியில் சம்பளம் வரும்வரை அபராதம் கட்ட வழியில்லை.

"இங்க மணியே அடிக்கலைன்னா அவன் என்ன நினைப்பான்?" என்றாள் வீட்டில் என் சம்சாரம்.

மார்ச் 15

போன் போனால் போகட்டும். எனக்குத்தான் எழுத வருமே! நான் வகுப்புக்குப் போவது சின்னவனுக்குத் தெரியாது. ஒருநாள் திகைக்க வைக்கலாம் என்று சொல்லாமலே வைத்திருந்தேன். அந்த நாள் இன்றுதான். என் வாழ்க்கையின் முதல் கடிதம்:

"நாங்கள் நலம். போன் கெட்டுவிட்டது. கவலைப்பட ஒன்றும் இல்லை. தைரியமாக இரு. அப்பா."

கடிதங்களை அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் அபராதக் கதையை எழுதவில்லை.

"நீங்களே எழுதினீங்கன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"அதான் கீழ அப்பான்னு இருக்கே. அப்புறம் என்ன?"

தபால் பெட்டியில் போட்டபின் உள்ளே விழுந்துவிட்டதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

மார்ச் 23

இன்று நடந்ததை எப்படியும் எழுத வேண்டும்.

மத்தியானம் கீழ்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு மாடி ஏறி ஓடிவந்தார். "உங்க சின்னவன் லைன்ல இருக்கான். அழறான். வாங்க!" ஆத்திர அவசரத்துக்கு என்று அவர் நம்பரையும் சிறையில் கொடுத்திருந்தோம். மனிதர் ஒன்றை அமுக்கி, தன் காசில் ஏற்றிருக்கிறார்.

அவள்தான் முதலில் வாங்கினாள். குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, மறைக்காத. அப்பா எப்போ போனாரு?"

"எங்கடா போனாரு? இதோ நிக்கறாரே!"

"பொய் சொல்லாதம்மா. அப்பாவுக்கு எழுதவே தெரியாது. எவனோ நடுங்கற கையால அப்பான்னு எழுதிப் போட்டிருக்கான். போனும் போகலை. கடைசியா முகம் பாக்கக்கூட என்னைக் கூப்பிடலையேம்மா..."

போனைப் பிடுங்கினேன். "டேய் மடையா! அதை எழுதினது நான்டா! வகுப்புக்குப் போய்க் கத்துக்கிட்டேன்டா!"



"நிஜமா நீங்களாப்பா எழுதினீங்க?"

"பின்ன? வேற எவனுக்கு இவ்வளவு கேவலமா எழுத வரும்?"

சிரித்தானா அழுதானா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். அதற்கும் நிமிஷம் ஓடியது. மூக்கு உறிஞ்சலுக்குக் காசு வாங்குகிறவன் விளங்குவானா? அவன் வீட்டில் அடுப்பு எரியுமா? பிள்ளை என் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். "நான் உங்களுக்கு..." என்று ஏதோ ஆரம்பித்தான். வெட்டிவிட்டது.

என்ன சொல்ல வந்தான்?

மார்ச் 24

தையல்காரர் காசு வேண்டாம் என்றார். அவர் சம்சாரத்தின் முகம் வேண்டும் என்றது. கொடுத்துவிட்டோம்.

மார்ச் 31

சம்பளம் வந்தது. வீட்டில் சண்டையும் வந்தது.

அபராதமாகச் சல்லிக்காசு தரமாட்டேன், இனி எல்லாம் கடிதம்தான் என்றேன். கத்தினேன் என்று எழுதுவதுதான் சரி.

அவள் கத்தவில்லை. "நல்லா இருக்கேன்னு அவன் எழுதுவான். குரல்ல பொய் சொன்னா நான் கண்டுபிடிச்சுடுவேன். காகிதத்துல சொன்னா உங்களால முடியுமா?"

முடியாது. போய்க் கட்டினேன். ரசீது தரும்போது அந்தப் பெண், "பாட்டிய மாத்திரை போடச் சொல்லுங்க, ஐயா" என்றாள். எனக்கு அந்த அன்பும் வேண்டாம். சம்பளத்தை அந்தக் கடையில்தானே வாங்குகிறாள்.

ஏப்ரல் 3

மணி அடித்தது! பெயர் சொல்லும் இடத்தில் சின்னவன் தன் பெயரை மட்டும் சொன்னான், மிகவும் நிதானமாக. இவள் கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டை அமுக்கிவிட்டு, "சளி பிடிச்சிருக்கு. மத்தபடி நல்லா இருக்கான்" என்றாள்.

இதற்கு எப்படி அபராதம் போடுவாய், நிமிஷக் கடைக்காரா?

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று ஏற்கும் நாள். அவள் பேசினாள். பாதி நேரம் ஆனதும், கடித்துக்கொள்ளாமல் சரியாக, போனை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க பாதி."

கையால் வேண்டாம் என்றேன். அன்றைக்குச் சொல்ல வந்ததை அவனும் எழுதட்டும். என் பாதியும் அவளுக்கே.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "உங்கப்பா எழுதறாருடா. என்னமோ பெரிய கலெக்டர் மாதிரி. நீ சொல்லு, சாப்பிட்டேங்கறியே, தொண்டை ஏன் இப்படிக் காஞ்சு கிடக்கு?" என்று ஆரம்பித்தாள்.

நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சின்னவனுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினேன். யார் எழுதியது என்று மறுபடி சந்தேகம் வேண்டாம் என்று 'அடே மடையா' என்றே தொடங்கினேன். நிமிஷக் கடை அவள் பேச்சை வெட்டிய பிறகும் என் பக்கம் முடியவில்லை.

வருகிற ஞாயிறு அவனோடு பேச முடியாது. அன்றைக்கு என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வதாக அவளே சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். வேகமாகச் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.