அவள் பெட்டியை நான் அடுக்குகிறேன்

மார்ச் 2, ஞாயிறு

அவள் பெட்டியை அடுக்கி முடித்தேன். ஐந்து நாள், ஐந்து துணிப்பை. ஒவ்வொன்றின் கழுத்திலும் என் முடிச்சு, ஒரு சீட்டு: திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. துணியைச் சுருட்டி வைத்தால் கசங்காது. மாத்திரைக்கு ஒரு டப்பா, சார்ஜர் வயர்களுக்கு ஒரு டப்பா. மூடியின் உட்புறம் பட்டியல். பதினாறு வருடமாக நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறவன் நான். இதுகூட வராவிட்டால் எப்படி?

மருத்துவமனைகளில் எக்ஸ்ரே இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. மாதம் ஒரு முறை நாலைந்து ஊர் போய் வருவாள், தனியாக. நான் அடுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாண நாளுக்குக்கூட அந்த முகம் வந்ததில்லை.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன். யார் படிக்கப் போகிறார்கள்?

மார்ச் 3, திங்கள்

ரயில் ஜன்னலில் ஒரு ஆறு. எதிர் இருக்கையில் நீட்டி வைத்த அவள் கால். இந்தப் படம் போனில் வந்தபோது நான் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். மற்ற கால் யாருடைய பைமேலோ.

"சூப்பர்" என்று பதில் போட்டேன். நாசமாய்ப் போக அந்த ஆறு.

மார்ச் 5, புதன்

போன் செய்தாள். வெளியூர்ப் பொறுப்பு முழுவதையும் இவளுக்கே தருகிறார்களாம். மாதத்தில் மூன்று வாரம் ஊர் ஊராக. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க சரின்னாதாங்க. குட்டியைத் தனியா பாத்துக்கணுமே" என்றாள்.

"யோசிப்போம்" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு வேண்டாம் என்று பொருள். அவளுக்கும் தெரியும். போனில் அவளுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. யார் அது?

மார்ச் 7, வெள்ளி

காலையிலேயே ரகளை. குட்டியின் விளையாட்டு உடையைக் காணோம். பதினொரு வயதுப் பிள்ளை வாசலில் நின்று அழுகிறாள். "அம்மா இருந்தா எடுத்துக் குடுத்திருப்பாங்க!" அம்மா இருந்தால் அல்லவா? வீட்டையே தலைகீழாகப் புரட்டியதில் என் சட்டைகளிலும் இரண்டைக் காணோம் என்பதுதான் தெரிந்தது.

மார்ச் 8, சனி

வந்துவிட்டாள். "துணியெல்லாம் சரியா இருந்துச்சா?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"உங்க கை பட்டா கேக்கணுமா? கச்சிதம்."

குளிக்கப் போனாள். எப்போதும் அவளேதான் பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் துவைக்கப் போடுவாள். இன்று நானாகத் திறந்தேன், குட்டியின் உடை தப்பித் தவறி அதில் கிடக்குமோ என்று. கிடந்தது. வியாழன் பையில் கிடந்தது. செவ்வாய்ப் பையில் என் இரண்டு சட்டை. இஸ்திரி போட்ட துணிக்கட்டை மாற்றி எடுத்திருக்கிறேன், கண் தெரியாத கபோதி மாதிரி.

சரி, தவறு என்னுடையதுதான். ஆனால் ஐந்து பையிலும் என் முடிச்சு அப்படியே இருந்தது. ஒன்றைக்கூட அவள் அவிழ்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் எதை உடுத்தினாள்?

மார்ச் 9, ஞாயிறு

கேட்கவில்லை. என்னவென்று கேட்பது? யார் வாங்கித் தந்த துணி என்றா? ச்சே. எழுதும்போதே கூசுகிறது. ஆனால் நினைப்பு நிற்கமாட்டேன் என்கிறது. போனில் சிரித்தது ஆணா, பெண்ணா?

"என்னங்க, ரெண்டு நாளா உர்ருன்னு இருக்கீங்க?" என்றாள். தலைவலி என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

கேட்டுவிட்டேன். என் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, போலீஸ்காரன் மாதிரி. "இதைத்தான் போட்டுக்கிட்டியா செவ்வாய்க்கிழமை?"

முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எறங்குற முதல் ஸ்டேஷன்லயே பெட்டி வைக்கிற அறை ஒண்ணு இருக்குங்க. அங்க வெச்சுட்டு, ஒரு தோள்பையோட கிளம்பிடுவேன். வர்றப்ப எடுத்துக்குவேன். ரெண்டு செட் துணி போதும். சாயந்திரம் அலசிப் போட்டா காலைல காஞ்சிடும்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

இரண்டு வருஷம்! இருபத்து நான்கு தடவை நான் சுருட்டியிருக்கிறேன். சீட்டு எழுதியிருக்கிறேன். "ஏன் சொல்லல?"

"நீங்க அடுக்குறப்ப நீங்களே கூட வர்ற மாதிரி உக்காந்திருப்பீங்க. எப்படிங்க சொல்றது?"

ஆக, இரண்டு வருஷமாக என்னை ஸ்டேஷனில் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 12, புதன்

அந்தத் தோள்பையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அலுவலகத்தில் வைத்திருந்தாளாம். ஒரே சோப்பு, உடம்புக்கும் துணிக்கும். நாலு ஊக்கு. துணி காயப்போட ஒரு கயிறு. அடையாள அட்டைகளின் நகல் தனியாக ஒரு உறையில். அடிக்கடி எடுக்கிறது மேலே, எப்போதாவது எடுக்கிறது கீழே. கையை விட்டால் கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம். தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை.

ஒரு குறை சொல்லலாம் என்று துழாவினேன். கிடைக்கவில்லை. எனக்கு வயிறு எரியுது. ஆமா, எரியுது! பொய் சொன்னாளேன்னு இல்ல. ஊரும் அவளுக்கு, ஆறும் அவளுக்கு, எனக்குன்னு இருந்தது அந்த ஒரு பெட்டி. அதுவும் அவளுக்கு வேண்டாமாம்.

மார்ச் 13, வியாழன்

வெடித்துவிட்டேன். மூன்று வாரமும் கிடையாது, ஒரு வாரமும் கிடையாது என்றேன். அவள் கத்தவில்லை.

"உங்களுக்குக் கோபம் இல்லீங்க, பொறாமை. நீங்களும் போயிட்டு வாங்களேன். சனி, ஞாயிறு குட்டியை நான் பாத்துக்குறேன்."

"எங்க போறது?"

"அதையும் நான்தான் சொல்லணுமா?"

மார்ச் 15, சனி

லாட்ஜ் அறை. கட்டில், நாற்காலி, ஆடுகிற மின்விசிறி. பதினொரு பக்கத்துக்குப் பயணத் திட்டம் எழுதிக் கொண்டுவந்தேன். 9.40க்குக் கோட்டைக்குப் பஸ் என்பது இரண்டாம் பக்கம். அதைத் தவறவிட்டேன். ஏரிக்கரையில் இரண்டு பேர் ஒரு படகுக்கு என்ன நிறம் அடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ் போய்விட்டது. பதறினேன். அப்புறம், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. யாருக்கும் இல்லை! மூன்று மணிக்கு ரொட்டியும் டீயும். "மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சே" என்று சொல்ல ஆளில்லை.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஏரிக்கரையிலேயே இருந்தேன். அங்கே நடந்ததை... வேண்டாம், இங்கேகூட எழுதப் போவதில்லை. தப்பாக ஒன்றும் இல்லை. என்னுடையது, அவ்வளவுதான்.

மார்ச் 16, ஞாயிறு

வீடு. செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"என்ன பாத்தீங்க?"

"ஏரி."

"அப்புறம்?"

"படகு."

"ரெண்டு நாளா படகையா பாத்துட்டு இருந்தீங்க? யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"ம்."

ஒளிக்க வேண்டும் என்றில்லை. சொன்னால் கரைந்துவிடும் போலிருந்தது. இவளும் ஒவ்வொரு முறையும் "வேலைதான், வேற என்ன" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவாள். இத்தனை நாள் அதை அலட்சியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

மார்ச் 19, புதன்

சரி என்று சொன்னேன். அவள் அலுவலகத்துக்குச் சம்மதக் கடிதம் எழுதினாள். எழுதி முடித்து, பேனாவை மூடாமலே கேட்கிறாள்: "அந்த ஏரில அப்படி என்னதாங்க இருந்துச்சு?"

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் மூன்று வாரப் பயணம். நானும் குட்டியும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவள் தோளில் அந்த ஒரு பை மட்டும்.

ரயில் வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "மே மாசம் எனக்கு ஒரு வாரம் லீவு. அந்த ஏரிக்கு நம்ம ரெண்டு பேரும் போலாமா?"

"வேற ஊருக்குப் போலாம்" என்றேன். "அங்க நான் தனியாவே போயிக்கிறேன்."

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. சிரித்து மழுப்பினாள். வண்டி ஏறி உட்கார்ந்த பிறகும், ஜன்னல் வழியாக என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் நெற்றியில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

"அம்மா ஏன்பா அப்படிப் பாக்குறாங்க? சண்டையா?" என்றாள் குட்டி.

"இல்லடா, பொறாமை" என்றேன்.