சத்தம் போடாத உறை

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

இங்கே நானும் நம் வாலுப் பெண்ணும் தையல் மெஷினும் நலம். அங்கே நீயும் உன் வார்டும் நலமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசிக்கொண்டே இவருக்கு எதற்குக் கடிதம் என்று நீ முகத்தைச் சுருக்குவது எனக்குத் தெரிகிறது. நம் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் பக்கத்து அறையில் கேட்கும். இது அவள் காதில் விழாமல் உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டிய சமாசாரம். இத்தனை நாளும் அதனால்தான் போனில் சொல்லவில்லை; இப்போது ஆரம்பித்தாலும் நீ குறுக்கே பேசி முடிக்க விடமாட்டாய். பயப்படாதே, நல்ல சமாசாரம்தான். வழக்கம்போல நின்றுகொண்டே படிக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து படி.

நம் மகள் இன்று காலை காட்டு முகாமுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

போவாளா மாட்டாளா என்று நேற்று வரைக்கும் எனக்கே தெரியாது. அதனால்தான் நீ கேட்டபோதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று மழுப்பினேன். டாக்டர் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். போன வருஷம் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்த பெண். காலையில் யாரும் சொல்லாமல் தானே எடுத்துச் சாப்பிட்டால் அனுப்புங்கள், இல்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம் என்றுவிட்டார். உயிரியல் டீச்சரோ, விடியும்போதே பறவை பார்க்கக் கிளம்பிவிடுவோம், அடுப்பு மூட்ட மாட்டோம், அவரவர் காலைச் சாப்பாட்டைச் சட்டைப்பையில் கொண்டுவர வேண்டும் என்றார். அதற்கென்று பார் விற்கிறார்களாம். ஓட்ஸ், கடலை, தேன் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திச் செங்கல் மாதிரி செய்திருக்கிறார்கள். அவளுக்குப் பறவை என்றால் உயிர். ஆனால் காட்டில் யார் பின்னாலேயே நின்று ஊட்டிவிடுவார்கள்?

முகாம் சாமான் விற்கும் கடைக்குப் போய் ஒவ்வொரு தினுசிலும் ஒன்று வாங்கிவந்து மேஜை மேல் பரப்பினேன். அதோடு விட்டிருந்தால் நான் நானில்லையே. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். இதில்தான் சக்தி அதிகம், இத்தனை கலோரி, அடேயப்பா என்று கடைக்காரர் மாதிரி கூவினேன். அவள் முகம் தொங்கிப்போனது. எனக்கு முகாம் வேண்டாம்ப்பா என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். என் வாயைத்தான் முதலில் தைத்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அத்தனை பாரையும் நம் பை தைக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தூக்கிப்போட மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் பை. மலையேறப் போகிறவர்களின் பை ரிப்பேருக்கு வரும்போது ஜிப்பின் பல்லெல்லாம் சாக்லெட் உருகி ஒட்டியிருக்கும், அதை நான் ஊசியால் நோண்டுவதை நீயே பார்த்திருக்கிறாய். சரி, எந்த பார் ஒரு ஜிப்பைக் கெடுக்காது என்று பார்ப்போமே என்று, ஒவ்வொன்றையும் ஒரு பழைய பையில் போட்டு வெயிலில் தொங்கவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், என்னப்பா பண்றே என்று கேட்டாள். ஜிப்பைக் காப்பாத்தறேன் என்றேன். வேறெதுவும் பேசவில்லை. என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்தது என்பதை நீ நம்ப வேண்டும்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் புத்தகப் பையை இறக்கிவைத்துவிட்டு அவளே பரிசோதனையைக் கையில் எடுத்துக்கொண்டாள். சாக்லெட் பூசியது குழம்பாகிவிட்டது, தள்ளுபடி. பொரி சேர்த்ததைப் பையோடு வைத்து அதன் மேல் என்னை உட்காரச் சொன்னாள். எழுந்து பார்த்தால் மாவு. என்னை மாதிரி ஆள் உட்கார்ந்தால் பாறையே மாவாகும் என்று ஒரு நக்கல் வேறு. பேரீச்சையும் வேர்க்கடலையும் சேர்த்தது மட்டும் கொஞ்சம் நசுங்கியதே தவிர, உருப்படியாக இருந்தது.

அதை எடுத்து உறையைப் பிரிக்கப் போனாள். சரசரவென்று ஒரு சத்தம். கடை ஷட்டர் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு புறாவும் பறந்துவிட்டன. உடனே திரும்பி, அப்பா, இந்தச் சத்தத்துக்குக் காட்டில் ஒரு பறவை மிஞ்சுமா என்றாள். யாராவது தும்மினாலே டீச்சர் முறைப்பாராம். அப்புறம் அவளே யோசனையும் சொன்னாள். உறையை இங்கேயே கழற்றிவிட்டு, எண்ணெய் ஒட்டாத காகிதத்தில் சுற்றி, துணிப்பை தைத்து அதில் வைத்துக்கொள்ளலாம், சத்தமே வராது என்றாள். சொன்ன கையோடு எல்லா உறையையும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பின்பக்கத்து எண்களும் அதோடு போயின.

நான் குனிந்து துணிப்பை தைக்க ஆரம்பித்தேன். காட்டில் காலையில் குளிருமே, இது கல்லாகிவிட்டால் என்ன செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டே பாரை எதிர்க் கடைக்குக் கொண்டுபோய், ஐஸ் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து வாங்கிவந்தாள். என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கடித்தாள். ஆமாம்மா, கடித்தாள். எனக்குத் தலையை நிமிர்த்தவே பயம். பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று ஊசியையே பார்த்துக்கொண்டு மெஷினை ஓட்டினேன். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு தையல் தெரியவில்லை. முடித்து நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயே இல்லை. நாலு பக்கமும் தைத்துவிட்டிருக்கிறேன். பாரை உள்ளே மந்திரம் ஓதித்தான் அனுப்பணுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் பாரேன், எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். காகிதத்தில் துகள்தான் மிச்சம்.

அந்தப் பேரீச்சை பாரையே நிறைய வாங்கி, உறையைக் கழற்றி டப்பாவில் போட்டுவைத்தேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவளே டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் பாதியை வைத்துவிட்டாள். டாக்டரிடம் சொன்னேன். பாதியும் சாப்பாடுதான், அவளாக எடுத்தாளா இல்லையா, அதைப் பாருங்கள் என்றார். நேற்று சாயங்காலம் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

நடுவில் ஒரு கூத்து. மாடி வீட்டு அக்கா நாங்கள் பேசியதை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, படியில் என்னை மடக்கி, வயசுப் பெண்ணிடம் எந்த பார் நல்லா இருக்குன்னு கேட்கிறீர்களே, நீங்களெல்லாம் ஒரு தகப்பனா என்று பிடித்துக்கொண்டார். சாராயம் விற்கிற பார் இல்லை அக்கா, கடிக்கிற பார் என்று ஒன்றைக் கையில் கொடுத்தேன். பல் போய்விடும் போலிருக்கே என்று சொல்லிவிட்டு முழுதையும் தின்றுவிட்டுத்தான் மேலே போனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பால் போடுகிறவரிலிருந்து உன் அண்ணன் வரைக்கும் அவளைப் பார்த்ததும் கேட்பது சாப்பிட்டியா என்றுதான். பாசத்தில்தான் கேட்கிறோம். நமக்கெல்லாம் அது வணக்கம் மாதிரி. அவளுக்கு அது விசாரணையாகப் போய்விட்டது. அந்த வார்த்தை வந்தவுடன் தோள் இறுகுவதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நீ தூரத்தில் இருக்கிறாய், போனில் உனக்கு வேறு என்னதான் கேட்கத் தோன்றும், பாவம். நான் அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டேன். இன்றைக்கு என்ன பறவை பார்த்தே என்று கேட்கிறேன். பதில் நீளமாக வருகிறது.

இன்று விடியும் முன்பே வேன் வந்துவிட்டது. நீ அனுப்பிய நீல ஸ்வெட்டர், நான் ஜிப் மாற்றிய பை, சட்டைப்பையில் அந்தத் துணிப்பை. இந்தத் தடவை வாயோடு தைத்தது. ஏறி உட்கார்ந்தவள் ஜன்னலைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். காசு கேட்கப் போகிறாள் என்று பையில் கைவிட்டேன். அப்பா, நீ சாப்பிட்டியா என்று கேட்டாள்.

இனிமேதான் என்றேன். போய்ச் சாப்பிடு, மேஜையில் வைத்திருக்கேன் என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன். தட்டில் ஒரு பார், உறையில்லாமல், காகிதம் சுற்றி. உட்கார்ந்து முழுதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முகாம் முடிந்து வந்ததும் உன்னைக் கூப்பிடுவாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் நீ கேட்காதே. பறவையைக் கேள், மழையைக் கேள், டீச்சர் முறைத்தாரா என்று கேள். அநேகமாக அவள் உன்னைக் கேட்பாள், அம்மா, சாப்பிட்டியா என்று. அப்போது பொய் சொல்லாதே. டூட்டி என்று வெறும் டீயைக் குடித்துவிட்டு நாளை ஓட்டுவது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. இதோடு அதே துணியில் ஒரு பையும் தைத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பதை வார்டில் வைத்துப் பிரித்தாலும் ஒரு நோயாளியும் விழிக்க மாட்டார். அவள் கேட்கும்போது ஆமாம் என்று சொல்லும்படி இரு.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருந்தால் நாங்கள் நன்றாக இருப்போம்.

இப்படிக்கு,
நாலு பக்கமும் தைக்கும்
உன் பைக்காரன்